சைக்கிள் நடுவழியில் பஞ்சரானால்? கையடக்கப் பையில் ஒரு பட்டறை

சாஆ – லாபிசுக்கும் யோங் பெங்கிற்கும் இடையே, முதலாம் கூட்டரசுச் சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது சாஆ. சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தச் சிற்றூரை விட்டுக் கொஞ்ச தூரம் வெளியே போனாலே இரு பக்கமும் செம்பனைதான். கடைவரிசை முடிந்துவிடும், சாலை விளக்குகளும் முடிந்துவிடும். பழக்குலை ஏற்றிய லாரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதிகாலையில் வேலைக்குப் புறப்பட்டவரின் சைக்கிளில், அப்படிப்பட்ட ஓரிடத்தில் பின் சக்கரத்தின் காற்று இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. உருட்டிக்கொண்டு நடந்தால் வேலைக்குத் தாமதமாகும். காற்றில்லாமலே ஓட்டினால் டியூபும் டயரும் நைந்துபோகும், ரிம்மும் வளையலாம். பெரிய ஆபத்து இன்னொன்று: இருட்டில், லாரி ஓடும் சாலையின் ஓரத்தில், பின்விளக்குகூட இல்லாமல் ஒருவர் குனிந்து நிற்பது.

வடக்கு–தெற்கு விரைவுச் சாலையில் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை. அதனால் நெடுந்தூரம் ஓட்டுபவர்களும் உடற்பயிற்சிக்காக ஓட்டுபவர்களும் பழைய கூட்டரசுச் சாலையையும் தோட்டச் சாலைகளையும்தான் நம்பியிருக்கிறார்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே சைக்கிள் கடை கிடையாது. எனவே, பட்டறை நம்மோடு வர வேண்டும். அது இருக்கைக்கு அடியில் தொங்கும் ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும் என்பதுதான் நல்ல செய்தி.

ஒரு காலத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வேலை

தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்குப் பஞ்சர் ஒட்டுவதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பால்வெட்டுக்குப் போனவர்களுக்கும் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கும் சைக்கிளே வாகனமாக இருந்த காலம் அது. லயன் வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீர், பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒட்டு, ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு சிறு குழாய்ப் பசை இருந்தால் போதும். டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைச் சிறுவர்களே கண்டுபிடித்து விடுவார்கள்.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. அடுத்து கார் வந்தது. தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தன. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. வீட்டில் தந்தை செய்வதைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொண்ட அந்தக் கைவேலையும் பல குடும்பங்களில் ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டது. இன்று மறுபடியும் சைக்கிள் வாங்குபவர்களில் பலர், விலை உயர்ந்த வண்டி வைத்திருந்தும் டயரைக் கழற்றிப் பார்த்ததில்லை.

டயரும் நம் தோட்டமும்

பஞ்சர் என்ற தொல்லையே காற்றடைத்த டயரோடுதான் வந்தது. அதற்கு முன் சைக்கிள்களுக்குக் கெட்டி ரப்பர் சக்கரம். குலுங்கும், ஆனால் காற்று இறங்காது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே 1888-ஆம் ஆண்டில்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்க வந்தார். மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையைக் கண்டறிந்து, மலாயாவில் ரப்பர் பயிரிடும்படி தோட்டக்காரர்களை விடாமல் வற்புறுத்தியவர் அவர். முதலில் சைக்கிள் டயருக்கும் பின்னர் கார் டயருக்கும் எழுந்த தேவையே ரப்பர்த் தோட்டங்களைப் பெருக்கியது. அந்தத் தோட்டங்களுக்காகவே தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கப்பலேற்றப்பட்டனர்.

டன்லப்பின் தொடக்ககால டயர் ரிம்மோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சரானால் சாலையோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பிரான்சின் கிளர்மோன்-பெராண்ட் ஊரில் ரப்பர்த் தொழில் நடத்திய மிச்செலின் சகோதரர்களிடம் 1889-இல் அப்படி ஒரு டயர் பழுதுபார்க்க வந்தது. கழற்றி ஒட்டவே பல மணி நேரம் பிடித்தது; பசை காய ஓர் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர்கள் எளிதில் கழற்றி மாட்டும் டயரை உருவாக்கினார்கள். 1891-இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தூரப் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரோடு ஓட்டி வென்றார். இன்று இரண்டு பிளாஸ்டிக் நெம்பிகளைக் கொண்டு சாலையோரத்திலேயே நாம் டயரைக் கழற்ற முடிவது அந்த மாற்றத்தால்தான்.

இதே சாலையில் வந்த சைக்கிள் படை

பஞ்சர் ஒட்டும் வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜொகூரின் வரலாற்றிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் தரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 31-ஆம் தேதி ஜொகூர் பாருவை எட்டியது. சுமார் 1,100 கிலோமீட்டர், 55 நாள். அந்த வேகத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று சைக்கிள்.

ஜப்பானியப் படையின் திட்ட அதிகாரிகளில் ஒருவரான மசனோபு சுஜி போருக்குப் பின் எழுதிய நூலில், ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறக்குறைய 500 மோட்டார் வாகனங்களும் 6,000 சைக்கிள்களும் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். ஒவ்வொரு கம்பெனியிலும் குறைந்தது இருவர் பழுதுபார்ப்பதற்கென்றே இருந்தார்கள்; ஒரு குழு நாளொன்றுக்குச் சராசரியாக 20 சைக்கிள்களைச் சரிசெய்தது. போருக்கு முன் ஜப்பானிய சைக்கிள்கள் மலாயாவில் விற்பனையில் இருந்ததால் உதிரிப் பாகங்களும் இங்கேயே கிடைத்தன. மக்களிடமிருந்து சைக்கிள்கள் பறிக்கவும் பட்டன.

வெயிலில் சூடேறிய தார்ச்சாலையில் டயர்கள் அடிக்கடி வெடித்தன. ஒட்ட நேரமில்லாதபோது வீரர்கள் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் நூற்றுக்கணக்கான ரிம்கள் தாரில் உரசும் ஓசையைக் கேட்ட எதிர்த்தரப்பினர், டாங்கிகள் வருவதாக நினைத்து அஞ்சியதாகவும் அந்த நூல் கூறுகிறது.

1942 ஜனவரி 14-ஆம் தேதி கிம்மாசுக்கு அருகே கெமஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலிய வீரர்கள் பதுங்கியிருந்து தாக்கியதும் இப்படி வந்த சைக்கிள் அணியைத்தான். அதன் பிறகு நேச நாட்டுப் படைகள் சிகாமட், லாபிஸ், யோங் பெங் என்று இதே சாலை வழியாகப் பின்வாங்கின. தொடர்ந்து வந்த ஆட்சியில் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டதை நம் சமூகம் மறக்கவில்லை. அந்த வரலாற்றில் ஒட்டுப் பசைக்கும் காற்றுப் பம்புக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

எதனால் பஞ்சராகிறது?

நம் வட்டாரச் சாலைகளில் நான்கு காரணங்களே பெரும்பாலும் காணப்படும்.

முதலாவது, மெல்லிய இரும்புக் கம்பி. லாரி டயர்களின் உள்ளே எஃகுக் கம்பிகள் பின்னப்பட்டிருக்கும். டயர் வெடித்துச் சிதறும்போது அந்தக் கம்பித் துண்டுகள் சாலையோரத்தில் தங்கிவிடும். தலைமுடி அளவே இருக்கும், கண்ணுக்குப் படாது. சைக்கிள் ஓடுவதும் அதே ஓரத்தில்தான்.

இரண்டாவது, செம்பனை மட்டை முள். மட்டையின் அடிப்பகுதியில் வரிசையாக இருக்கும் கூர்முள் காய்ந்த பிறகும் வலுவாக இருக்கும். தோட்டச் சாலையில் குறுக்கே கிடக்கும் மட்டையின் மேல் ஏற்றாமல் இறங்கிக் கடப்பது நல்லது.

மூன்றாவது, கண்ணாடிச் சில்லு. மழைக்காலத்தில் இது கூடும். ஓடும் தண்ணீர் குப்பையை எல்லாம் சாலையோரம் ஒதுக்கிவிடும். ஈரமான ரப்பரைக் கண்ணாடி எளிதில் கீறிவிடும். சிகாமட் மாவட்டத்தைக் கடுமையாகப் பாதித்த 2023 மார்ச் வெள்ளம் போன்ற பெருவெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீர் வடிந்த சாலையில் சில நாள் கவனமாகவே ஓட்ட வேண்டும்.

நான்காவது, காற்றுக் குறைவு. இதை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். காற்று குறைந்த டயர் ஒரு குழியிலோ கல்லிலோ மோதும்போது, ரிம்மின் இரு விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கும். பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு கீறல் விழும். முள்ளும் இல்லை, கம்பியும் இல்லை, ஆனாலும் பஞ்சர் என்றால் பெரும்பாலும் இதுதான்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

• டயர் நெம்பி இரண்டு அல்லது மூன்று. பிளாஸ்டிக்கில் இருப்பது நல்லது. வீட்டு ஸ்குரு டிரைவரைக் கொண்டு நெம்பினால் டியூபில் இன்னொரு ஓட்டை விழும், ரிம்மும் கீறும்.

• ஒரு புது டியூப். சாலையோரத்தில் ஒட்டுவதை விட டியூபை மாற்றுவது விரைவு. ஓட்டையான டியூபை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக ஒட்டிக்கொள்ளலாம். அளவு டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும்: 26, 27.5, 29, 700சி என்பது போல. அகலமும் பொருந்த வேண்டும்.

• ஒட்டுப் பெட்டி. பல அளவு ஒட்டுகள், உப்புத்தாள், பசை. ஒரே நாளில் இரண்டாவது பஞ்சர் வந்தால் இதுதான் துணை. ஒருமுறை திறந்த பசைக் குழாய் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அழுத்திப் பார்த்து மாற்ற வேண்டும்.

• சிறு கைப்பம்பு. சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் அளவில் கிடைக்கிறது. நூறு, இருநூறு முறை அடிக்க வேண்டியிருக்கும்; ஆனால் தீர்ந்துபோகாது.

• ஸ்பேனர் அல்லது பல்கருவி. விரைவில் கழலும் அச்சு உள்ள வண்டிக்கு எதுவும் தேவையில்லை. நட்டு போட்ட சக்கரத்துக்குப் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். இது இல்லாமல் மற்ற அனைத்தும் இருந்தும் பயனில்லை. வீட்டிலேயே நட்டில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

• ஒரு துண்டுப் பழைய டயர் அல்லது தடித்த பிளாஸ்டிக். டயரிலேயே பெரிய கிழிசல் விழுந்தால், உள்பக்கம் இதை வைத்து டியூபைப் போட்டால் வீடு வரை தாங்கும். வெட்டியெடுத்த பற்பசைக் குழாயின் துண்டுகூட உதவும்.

• கையுறை ஒரு சோடி, சிறு துணி, மின்னும் பின்விளக்கு.

கரியமில வாயு அடைத்த சிறு குப்பிகளும் சந்தையில் உண்டு. சில வினாடிகளில் டயர் நிரம்பிவிடும். ஆனால் ஒரு குப்பி ஒரு தடவைக்குத்தான். தவறவிட்டால் கைவிரித்து நிற்க வேண்டியதுதான். மேலும் கரியமில வாயு ரப்பருக்குள் எளிதில் கரைந்து வெளியேறும். மறுநாள் டயர் தளர்ந்திருந்தால் மறுபடியும் பஞ்சர் என்று எண்ண வேண்டாம். அந்த வாயுவை வெளியேற்றிவிட்டுச் சாதாரணக் காற்றை அடித்தால் போதும். குப்பி வைத்திருப்பவர்களும் ஒரு கைப்பம்பை வைத்திருப்பது நல்லது.

வால்வைப் பார்த்து வாங்குங்கள்

பம்பு வாங்கும்போது பலர் தடுமாறுவது வால்வில்தான். நம் நாட்டில் மூன்று வகையும் ஓடுகின்றன. பழைய கறுப்பு சைக்கிள்களில் இருப்பது டன்லப் வால்வு. அடி பருத்து, மேலே ஒரு நட்டு இருக்கும். கார், மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு ஷ்ரேடர். பந்தய சைக்கிளில் இருக்கும் மெல்லிய நீண்ட வால்வு பிரெஸ்டா; இதன் நுனியில் இருக்கும் சிறு திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும்.

எண்ணெய் நிலையத்தில் உள்ள காற்றுக் குழாய் ஷ்ரேடர் வால்வுக்கு நேராகப் பொருந்தும். பிரெஸ்டாவுக்கு ஒரு சிறு பித்தளை இணைப்பு வேண்டும். நகத்தளவே இருக்கும் அந்தப் பொருளை பிரெஸ்டா வண்டி வைத்திருப்பவர்கள் எப்போதும் பையில் போட்டு வைக்கலாம். ஆனால் எண்ணெய் நிலையக் குழாய் காருக்கானது. சைக்கிள் டயர் சிறியது. நொடியில் நிரம்பி வெடித்துவிடும். சிறிது சிறிதாக விட்டு, கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதும் டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். பொதுவாக, தடித்த மலைச் சைக்கிள் டயருக்கு 30 முதல் 50 பி.எஸ்.ஐ., சாதாரண நகர சைக்கிளுக்கு 40 முதல் 65, மெல்லிய சாலை சைக்கிளுக்கு அதற்கும் மேல். ஓட்டுபவரின் எடையையும் டயரின் அகலத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். எப்படியானாலும் டயரில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது.

முதலில் இடம், பிறகு கருவி

பஞ்சரானதும் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே வண்டியைக் கவிழ்த்துப் போட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இது கூடாது. முதலில் சாலையை விட்டு விலகுங்கள். பேருந்து நிறுத்தம், தோட்ட முச்சந்தி, கடை முன்புறம் என்று அகலமான இடம் கிடைக்கும் வரை உருட்டிச் செல்வது நல்லது. சாலை வளைவிலும் மேட்டின் மறுபுறமும் நிற்க வேண்டாம். வரும் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. பின்விளக்கை எரியவிட்டு, வாகனம் வரும் திசையைப் பார்த்தபடி வேலை செய்யுங்கள். பாதுகாப்பான இடமே இல்லை என்றால், ஒட்டும் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு அழைப்பதே சரி. விபத்து என்றால் 999.

கழற்றி மாற்றும் முறை

பின் சக்கரம் என்றால், செயினை முதலில் ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றுவதும் மாட்டுவதும் எளிதாகும். ரிம் பிரேக் வண்டியாக இருந்தால் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் கழன்றிருக்கும்போது பிரேக் கைப்பிடியை அழுத்தக்கூடாது. அதன் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். ஓட்டிய சூட்டில் டிஸ்க்கும் கொதித்துக்கொண்டிருக்கும், தொட வேண்டாம்.

மிச்சமுள்ள காற்றை முழுவதும் விடுங்கள். டயரின் விளிம்பை இரு பக்கமும் கட்டை விரலால் அழுத்தி, ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்குங்கள். நடுப்பகுதி ஆழமானது, விளிம்பு அங்கே இறங்கினால் டயர் தளரும். பலர் நெம்பியோடு மல்லுக்கு நிற்பது இந்த ஒரு படியைத் தவறவிடுவதால்தான். பிறகு வால்வுக்கு எதிர்ப்புறத்தில் நெம்பியைச் செருகி, ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுத்தால் போதும். டியூபை உருவிவிடலாம்.

புது டியூபைப் போடும் முன், எது குத்தியது என்று கண்டுபிடிக்க வேண்டும். டியூபுக்குக் கொஞ்சம் காற்றடித்து ஓட்டையைத் தேடுங்கள். கன்னத்தின் அருகே கொண்டுபோனால் காற்று படுவது தெரியும். டியூபை டயரோடு வைத்துப் பார்த்தால், வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் ஓட்டை இருக்கிறதோ டயரில் அதே தூரத்தில் கம்பியோ முள்ளோ இருக்கும். டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள்; கம்பி துணியில் மாட்டும், விரலில் குத்தாது. இதைச் செய்யாமல் புது டியூபைப் போட்டால், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அதுவும் பஞ்சராகும்.

ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும். வெளிப்புறத்தில் ஒரே ஓட்டை என்றால் ஏதோ குத்தியிருக்கிறது. அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவு. ரிம் பக்கத்தில், அதாவது டியூபின் உட்புறத்தில் ஓட்டை என்றால், ரிம்முக்குள் இருக்கும் பட்டை விலகி ஸ்போக் கம்பியின் முனை குத்துகிறது. பட்டையைச் சரிசெய்ய வேண்டும். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்ட முடியாது. டியூபையே மாற்ற வேண்டியதுதான்.

மாட்டும்போது டியூபுக்கு வடிவம் வரும் அளவு சிறிது காற்றடித்துக்கொள்ளுங்கள். முதலில் வால்வைத் துளையில் விட்டு, டியூபைச் சுற்றிலும் பதித்து, டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசிப் பகுதி இறுக்கமாக இருக்கும். நெம்பியை எடுக்காமல் உள்ளங்கையால் உருட்டி ஏற்றப் பாருங்கள். முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்து, டியூப் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை என்று சுற்றிலும் பார்த்த பிறகே முழுக் காற்றையும் அடிக்க வேண்டும்.

ஒட்டு பிடிப்பது எப்படி?

ஒட்டு பிடிக்கவில்லை என்று குறைபடுபவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான்: பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்துவிடுகிறார்கள். கடைகளில் கிடைக்கும் ஒட்டுப் பசை சாதாரணக் கோந்து போன்றதன்று. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போன பிறகு, பசையில் உள்ள வேதிப்பொருளும் ஒட்டின் அடியில் உள்ள பதப்படாத ரப்பர் படலமும் சேர்ந்து டியூபோடு பிணைகின்றன. சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் சூடேற்றிக் கண்டறிந்த ரப்பரைக் கெட்டிப்படுத்தும் முறை, இங்கே சூடில்லாமலே நடக்கிறது.

அதனால் முறை இதுதான். ஓட்டையைச் சுற்றி ஒட்டைவிடப் பெரிய இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பும், டியூப் வார்ப்பில் வந்த கோடும் மறைய வேண்டும். தூசியைத் துடைத்து, மெல்லிய படலமாகப் பசை தடவுங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். பளபளப்பு மங்கி, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும் நிலைதான் பதம். ஊதி உலர்த்த வேண்டாம்; வாயின் ஈரம் அதில் படியும். பிறகு ஒட்டின் அடித்தாளை உரித்து, விரல் படாமல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரிக்க முயன்று ஒட்டின் ஓரத்தைக் கிளப்பிவிட வேண்டாம். அது இருந்தால் கெடுதல் இல்லை.

மழை பெய்துகொண்டிருந்தால் இந்த ஒட்டு பிடிக்காது. புது டியூப் கையில் இருப்பதன் அருமை அப்போது தெரியும். பசையில்லாமல் ஒட்டும் தயார் ஒட்டுகளும் கிடைக்கின்றன. வீடு போய்ச் சேர அவை உதவும். நிரந்தரமாக நம்ப வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றாமலும் முடியும்

தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் சாலையோரப் பஞ்சர் கடைகளைப் பார்த்திருப்பார்கள். மரத்தில் ஒரு பழைய டயர் தொங்கும்; கீழே ஒரு தட்டுத் தண்ணீர். சைக்கிளைக் கொடுத்தால் சக்கரத்தைக் கழற்றவே மாட்டார்கள். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, தண்ணீரில் ஓட்டையைக் கண்டு, ஒட்டி, திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள்.

இந்த வித்தை இன்று நம் ஊரிலும் பயன்படும். செயின் முழுவதும் மூடிய பழைய சைக்கிள்களிலும், சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் மின்சைக்கிள்களிலும் பின் சக்கரத்தைச் சாலையோரத்தில் கழற்றுவது பெரும்பாடு. மின்சைக்கிளில் மின்கம்பி இணைப்பையும் கழற்ற வேண்டிவரும். இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்குப் புது டியூபைவிட ஒட்டுப் பெட்டியே முக்கியம். குத்திய இடம் வெளியிலேயே தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் டியூபை வெளியே எடுத்து ஒட்டிவிடலாம்.

டியூப் இல்லாத டயர்களில் உள்ளே ஊற்றிய திரவமே சிறு ஓட்டைகளை அடைத்துவிடும். அடைபடாத பெரிய ஓட்டைக்கு, புழுப் போன்ற ரப்பர் திரியை ஊசியால் செருக வேண்டும். நம் வெப்பத்தில் அந்தத் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். இடையிடையே ஊற்ற வேண்டும். இந்த வகை வைத்திருப்பவர்களும் ஒரு டியூபைக் கையோடு கொண்டு போவது நல்லது.

தாமே சரிசெய்யும் வழக்கம்

பழைய நாளில் பந்தய வீரர்களுக்கே இந்த விதி இருந்தது. 1913-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் யூஜின் கிறிஸ்டோப் என்பவரின் சைக்கிளின் முன்கவை மலைப்பாதையில் உடைந்தது. பிறர் உதவி பெறக்கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தம் கையாலேயே பற்றவைத்தார். துருத்தியை ஊதிக் கொடுத்த சிறுவனின் உதவியைப் பெற்றதற்காக அவருக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது.

இன்று டூர் டி லங்காவி போன்ற பந்தயங்களில் வீரரின் பின்னால் கார் வருகிறது. பஞ்சரானால் வேறு சக்கரம் சில வினாடிகளில் கைக்கு வரும். சாஆவிலிருந்து பெக்கோக்குக்கோ லாபிசுக்கோ தனியாகப் போகிறவருக்குப் பின்னால் எந்தக் காரும் வருவதில்லை. அவர் நிலைமை 1913-ஆம் ஆண்டு வீரரின் நிலைமைதான். ஒரே வேறுபாடு, வழியில் உதவி கேட்டால் தண்டனை இல்லை.

வீட்டு வாசலில் ஒரு ஒத்திகை

கருவி வாங்கிப் பையில் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே பின் சக்கரத்தைக் கழற்றி, டியூபை எடுத்து, மறுபடியும் மாட்டி, அதே கைப்பம்பால் காற்றடித்துப் பாருங்கள். பம்பு வால்வுக்குப் பொருந்துகிறதா, ஸ்பேனர் நட்டுக்குச் சேர்கிறதா, பசை காய்ந்துவிட்டதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். முதல் தடவை அரை மணி நேரம் ஆகலாம். மூன்றாவது தடவை பத்து நிமிடத்தில் முடியும்.

வாரம் ஒருமுறை காற்றைப் பார்ப்பதும், ஓட்டி வந்ததும் டயரில் ஒட்டியிருக்கும் சில்லுகளைத் துடைத்தெடுப்பதும் பாதித் தொல்லையைக் குறைக்கும். நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயரை மாற்றிவிடுங்கள். மெலிந்த ரப்பரில் எதுவும் எளிதில் ஏறும்.

பள்ளிக்கோ விளையாட்டுத் திடலுக்கோ சைக்கிளில் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களையே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாளித் தண்ணீரில் குமிழி வரும் இடத்தைக் காட்ட அவர்களுக்கு எந்தக் காணொளியும் தேவைப்படாது.